மலை மேலிருந்து ஒரு சதுரங்கம்

"ஆடுவதற்கு எதிராளி வேண்டுமே!" சதுரங்கப் பலகையை விரித்ததும் எழும் முதல் கேள்வி இதுதான். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கினால்தான் சமவெளிப் பள்ளி மாணவியரைக் காண முடியும் என்ற நிலையிலுள்ள கொல்லிமலைப் பெண்களாகிய எங்களுக்கு இது சற்றுப் பெரிய கேள்வியே. இதற்கு இணையம் தந்த விடையைப் பற்றி இங்கே கூற விழைகிறோம்.

எதிராளியின் முகம் காணாமல் ஆடுவது இன்று தோன்றிய புதுமை என எண்ண வேண்டாம். 1828-29ஆம் ஆண்டுகளிலேயே சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே கடிதம் வாயிலாகச் சதுரங்கப் போட்டி நடந்தது. சென்னை அணியில் குலாம் காசிம் என்னும் வல்லுநர் இருந்தார். அவர் ஜேம்ஸ் காக்ரேனுடன் சேர்ந்து எழுதிய சதுரங்க நூல் 1829இல் சென்னையிலேயே அச்சேறியது.

கடிதத்தில் எப்படிச் சதுரங்கம் ஆடுவது? பலகையின் 64 கட்டங்களுக்கும் பெயர் உண்டு. நெடுக்கு வரிசைகள் எட்டுக்கும் ஆங்கில எழுத்துகள். குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்கள். ஆகவே, எந்தக் காய் எந்தக் கட்டத்துக்குச் சென்றது என்பதை இரண்டு மூன்று எழுத்துகளிலேயே சொல்லிவிடலாம். அன்று அது கடிதத்தில் சென்றது; பின்னர் தந்தியில் சென்றது; இன்று கணிப்பொறி வழியே கண் இமைக்கும் நேரத்தில் செல்கிறது.

கணிப்பொறி இங்கே தபால்காரராக மட்டுமா இருக்கிறது? நடுவரும் அதுவே. விதிக்கு மாறாகக் காயை நகர்த்த விடாது. இருவருக்கும் கடிகாரம் ஓட்டும். ஒவ்வொரு நகர்த்தலையும் பதிவு செய்து வைக்கும். அமெரிக்கர் விரும்பும் பேஸ்பால் ஆட்டத்தையும் இவ்வாறு கணிப்பொறியில் தொலைவிலுள்ளவரோடு ஆடுவதுண்டு. அதில் ஆட்டக்காரர்களின் பழைய ஆட்டக் கணக்குகளைக் கொண்டு கணிப்பொறியே பகடை உருட்டுவதுபோல் முடிவு சொல்லும், அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. சதுரங்கத்திலோ பகடை இல்லை. எனவே தோற்றவர் சொல்லச் சாக்கும் இல்லை!

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. இணைப்பு அறுந்தாலும் கடிகாரம் நிற்காது. 2020இல் இணையவழியில் நடந்த ஒலிம்பியாட் போட்டியில், ஒருவருக்கு 15 நிமிடமும் நகர்த்தலுக்கு 5 வினாடி கூடுதலும் தரப்பட்டன. ஆகஸ்ட் 30ஆம் நாள் இந்தியாவும் ருஷ்யாவும் மோதிய இறுதிச் சுற்றில், நிஹால் சரின், திவ்யா தேஷ்முக் ஆகிய இந்திய இளையோரின் இணைப்பு அறுந்தது. நேரம் முடிந்து அவர்கள் தோற்றதாகக் குறிக்கப்பட்டது. இந்தியா முறையிட்டது. அன்று உலகின் பல பகுதிகளில் இணையக் கோளாறு ஏற்பட்டிருந்ததைக் கருதி, பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு இரு நாடுகளுக்கும் தங்கம் அளித்தது.

இந்தச் செய்தியின் பொருளை நாங்கள் சென்ற மழைக்காலத்தில்தான் உணர்ந்தோம். சமவெளிப் பள்ளி ஒன்றுடன் ஐந்து பலகைகளில் ஆடிக்கொண்டிருந்தோம். நான்கு ஆட்டங்கள் முடிந்து இரண்டுக்கு இரண்டு. ஐந்தாம் பலகையில் எங்கள் ஏழாம் வகுப்புத் தங்கை ஒரு யானை கூடுதலாக வைத்திருந்தாள். அந்நேரம் பெருமழை; மின்சாரம் போயிற்று; இணைப்பும் போயிற்று. மீண்டு வந்தபோது திரையில் தோல்வி என்றிருந்தது. தங்கை அழுதேவிட்டாள்.

சிறிது நேரத்தில் சகோதரியின் கைபேசி ஒலித்தது. "சிஸ்டர், அந்த ஆட்டத்தை நாங்கள் ஜெயித்ததாக வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே ஆடலாமா?" என்று கேட்டாள் எதிரணித் தலைவி. பதிவைப் பார்த்துக் காய்களை அடுக்கினோம். மீதமிருந்த நிமிடங்களையும் கடிகாரத்தில் வைத்தோம். தங்கை அவசரப்பட்டு யானையைப் பறிகொடுத்தாள். ஆட்டம் சமனாயிற்று! ஆயினும் அன்று எங்களுள் எவருக்கும் வருத்தமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலக வாகையரையும் வெல்லக்கூடிய சதுரங்க நிரல்கள் இன்று கைபேசியிலேயே உள்ளன. அதை ஒருமுறை எட்டிப் பார்த்தால் வெற்றி எளிது. பெரிய போட்டிகளில் இதைத் தடுக்கக் கேமரா வைக்கிறார்கள். எங்கள் போட்டியில் கைபேசிகள் சகோதரியின் மேசைமேல் இருந்தன. ஆனால் எதிராளி காணாத இடத்தில் நம்மைக் காப்பது நம் மனச்சான்று ஒன்றே அன்றோ?

சென்னையைச் சேர்ந்த ஆர். வைஷாலி, 2020 ஜூனில் இணையவழி விரைவுப் போட்டியில் முன்னாள் உலக வாகையர் ஆன்டொனெட்டா ஸ்டெஃபனோவாவை வென்றார். 2023இல் கிராண்ட்மாஸ்டர் தகுதியை எட்டிய மூன்றாவது இந்தியப் பெண்ணானார். ஒரு திரையும் ஒரு பலகையும் எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும் என்பதற்கு அவர் சான்று.

பெற்றோரே, உங்கள் மகள் திரையின்முன் மௌனமாக அமர்ந்திருந்தால் உடனே கடிந்துகொள்ள வேண்டாம். எழுபது வளைவுகளுக்கு அப்பாலுள்ள ஒரு தோழியோடு அவள் பேசிக்கொண்டிருக்கலாம், காய்களின் மொழியில்! ஆட்டம் முடிந்ததும் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "நேர்மையாக ஆடினாயா, அம்மா?"