நமக்கெதுக்கு வம்பு?

எங்கள் ஊர் மடிப்பாக்கம். எதிர்வீட்டு மாமி, மூத்த மகளின் கிரகப்பிரவேசத்துக்காகத் திருச்சி போயிருந்தார். மாடியில் துணி உலர்த்தும்போது, பையோடு இருவர் அவர் வீட்டு கேட்டைத் திறந்து போவதைப் பார்த்தேன். 'எலக்ட்ரீஷியன் போலிருக்கு, நமக்கெதுக்கு வம்பு' என்று இறங்கிவிட்டேன்.

நாலாம் நாள் மாமி திரும்பியபோது பீரோ உடைந்து கிடந்தது. சின்ன மகள் கல்யாணத்துக்காகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த எட்டுப் பவுனும் போச்சு! வாசலில் குவிந்த பேப்பரே திருடனுக்குத் துப்புச் சொல்லிவிட்டது.

"ஒருத்தருமா பார்க்கலை?" என்று மாமி கேட்டபோது, உண்மையைச் சொல்லி அழுதுவிட்டேன். போலீசிடமும் சொன்னேன்.

இப்போது எங்கள் தெருவில் யார் வெளியூர் போனாலும் பக்கத்து வீட்டிலும், போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லிவிட்டுத்தான் போகிறோம். பால், பேப்பரை நிறுத்திவிடுகிறோம். பூட்டிய வீட்டு வாசலையும் பெருக்கிக் கோலம் போடுகிறோம். புது ஆள் வந்தால், "யார் வேணும்?" என்று மாடியிலிருந்தே உரக்கக் கேட்கிறோம். சந்தேகமென்றால் நெருங்காமல் 100க்கு போன்.

வம்பு வேறு, அக்கறை வேறு தோழியரே! அன்று அந்த ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மாமியின் எட்டுப் பவுன் தப்பியிருக்குமே!

- ஒரு வாசகி, மடிப்பாக்கம்.