ஊருக்குக் கிளம்புமுன் ரேடியேட்டரைப் பாருங்கள்

பெங்களூரிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர்க் கணவாய் இறக்கம். பண்டிகை முடிந்து திரும்பும்போது அதுவே ஏற்றம். காரில் ஆட்களோடு அரிசி மூட்டையும் தேங்காயும் ஏறியிருக்கும். செகண்ட் ஹாண்டில் வாங்கிய பழைய காரின் ரேடியேட்டருக்கு அங்கேதான் பரீட்சை. பானெட்டிலிருந்து ஆவி கிளம்பி, குழந்தை குட்டிகளோடு சாலையோரம் நிற்க நேர்ந்தால், பல சமயம் குற்றவாளி எஞ்சின் அல்ல. உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் துண்டு.

அம்பாஸடர், பத்மினி காலத்தில் ரேடியேட்டர் என்றால் செம்பும் பித்தளையும்தான். ஒழுகினால் பட்டறையில் ஈயம் வைத்து அடைத்துக் கொடுத்துவிடுவார்கள். பின்னால் வந்த வண்டிகளில், 1998-ல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தயாராகி வெளிவந்த சான்ட்ரோ போன்றவற்றில், நடுக்கூடு அலுமினியம். அதன் இரு முனைகளிலும் உள்ள தொட்டிகள் பிளாஸ்டிக். கண்ணாடி இழை கலந்த நைலான் அது. எடை குறைவு, விலை குறைவு, துருப்பிடிக்காது. புதிதில் நல்ல உறுதியும் உண்டு. ஆனால் ஈயம் அதில் ஒட்டாது. வயதாகிவிட்டால் காய்ந்த அப்பளம்தான்.

வயதாக்குவது சூடு. ஒவ்வொரு ஓட்டத்திலும் 90 டிகிரி அளவுக்குச் சூடேறி விரிகிறது. நிறுத்தினால் ஆறிச் சுருங்குகிறது. போதாததற்கு அழுத்தம் வேறு. ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங், சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்பது அதனால்தான். தொட்டியில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் அந்த அழுத்தம் போய்விடும். ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து வெளியேறும்.

ஹோஸ் பைப்பைக் கழற்றும்போது தொட்டியின் கழுத்தும் சேர்ந்து கையோடு வருவதுண்டு. மெக்கானிக் உடைத்துவிட்டார் என்று சண்டைக்குப் போகிறவர்கள், அந்தக் கழுத்து எப்போதோ உளுத்துப் போயிருந்ததை யோசிப்பதில்லை.

முள்ளை நம்ப முடியாது

தண்ணீர் முழுதும் ஒழுகிவிட்டால் டாஷ்போர்டு முள் சில சமயம் சூட்டைக் காட்டாமலே இருந்துவிடும். சூட்டை அளக்கும் சென்ஸார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகச் சொல்லும். முள் நடுவில்தானே இருக்கிறது என்று இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய்விடும். சில நூறு ரூபாய் பாட்டிலில் தொடங்கியது, மாதச் சம்பளத்தை விழுங்கும் வேலையில் வந்து நிற்கும்.

15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பித்து ஓடும் வண்டியில் இன்னும் பழைய தொட்டியே இருந்தால், உடையும்வரை காத்திருப்பது புத்திசாலித்தனமல்ல. வெள்ளைப் பாட்டில் மஞ்சளாகிப் பழுப்பேறியிருந்தாலும், கறுப்புத் தொட்டி வெளிறி அதன் விளிம்பில் கூலன்ட் காய்ந்த கறை தெரிந்தாலும் மாற்றும் வேளை வந்துவிட்டது. மாற்றுவதை ஒரே முறையாகச் செய்வது லாபம்: ரேடியேட்டர், பாட்டில், மூடி, மேல் கீழ் ஹோஸ்கள், கிளாம்புகள், தெர்மோஸ்டாட், அதன் பிளாஸ்டிக் கூடு. எப்படியும் தண்ணீரை வடிக்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். அதை மூன்று தடவை கொடுப்பானேன்? ஜே.சி. ரோடு கடைகளில் சேஸிஸ் நம்பரைச் சொல்லிப் பொருத்தமானதைக் கேட்டு வாங்கலாம். பழைய சாமான் கடையில் பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம். அதுவும் இதே வயது வண்டியிலிருந்து வந்ததுதான். பசை பூசி ஒட்டுவது வீடு வந்து சேரத்தான் உதவும். கிளாம்பை வெறி கொண்டு முறுக்கினால் புதுக் கழுத்தும் விரியும்.

தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் சூடு ஏறாது என்று சில பட்டறைகளில் யோசனை சொல்வார்கள். எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும். இந்த யோசனையைக் கேட்காமலிருப்பதே மேல்.

போர்வெல் தண்ணீரை ஊற்றக்கூடாது. அதன் உப்பு உள்ளே படிந்து குழாய்களை அடைக்கும். கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதி கலக்க வேண்டும். கலந்தே விற்பதும் உண்டு. அதில் மேலும் தண்ணீர் சேர்க்க வேண்டாம். பல கூலன்ட்டுகளில் உள்ள எதிலீன் கிளைகால் இனிப்பான விஷம். வடித்ததைத் திறந்த பக்கெட்டில் விட்டுவைத்தால் குழந்தைகளுக்கும் தெருநாய்க்கும் ஆபத்து.

வேலை முடிந்ததும் உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றச் சொல்லி, விசிறி தானே சுழன்று நிற்கும்வரை எஞ்சினை ஓட விட்டுப் பார்க்க வேண்டும். மறுநாள் காலை வண்டி ஆறியிருக்கும்போது மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றலாம். சூடாக இருக்கையில் மூடியில் கை வைக்கவே கூடாது. பயணத்துக்கு முதல் நாள் இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல், ஒரு வாரம் முன்பே முடித்து, ஊருக்குள் நாலு நாள் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.