உங்களுக்குத் தெரியுமா? புன்னகைக்கும் சிவனுக்குக் கண்ணோரச் சுருக்கம் இல்லை!

மனம் நிறைந்து சிரிக்கும்போது கண்ணைச் சுற்றியுள்ள வட்டத் தசை இறுகும் என்று பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-இல் விளக்கினார். கண்ணோரக் கோடுகள் அப்படித்தான் விழுகின்றன. வயது ஏறி, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் குறைந்ததும் நிலைத்துவிடுகின்றன. ஆனால், முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் எழுப்பிய கோயிலின் வடபுறத்தில், தம் அடியார் சண்டேசரின் தலையில் பூமாலை சூட்டும் சிவனின் முகத்தில் புன்னகை உண்டு, சுருக்கம் இல்லை.

கருங்கல்லில் மெல்லிய கோடு செதுக்குவது கடினம் என்பதால் சிற்பி விட்டிருப்பாரோ? அப்படிச் சொல்ல முடியாது. அதே கோயிலின் தென்சுவரில், ஆடும் நடராசரின் காலடியில், வற்றி மெலிந்த உடலோடு சிவனடியாரான காரைக்கால் அம்மையார் அமர்ந்திருக்கிறார். உடலின் தளர்ச்சியை அதே கல்லில் காட்டத் தெரிந்தவர்கள், நரையும் திரையும் தெய்வத்துக்கு இல்லை என்று கருதியே சிவனின் முகத்தை வழவழப்பாக விட்டிருக்க வேண்டும். அப்படியானால் மூப்பை இழிவாக எண்ணினார்களா? அதுவும் இல்லை. பெரியபுராணம் சொல்வதுபோல், இளமையழகை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றவர் அம்மையார். அவருக்கு இறைவனின் திருவடியருகே இடம் கொடுத்த மரபு, உடல் தளர்வதைக் குறையாகப் பார்க்கவில்லை. கண்ணோரக் கோடுகளுக்காக வெட்கப்பட வேண்டிய அவசியம் நமக்கும் இல்லை.