ஐப்பசியில் காது

போன ஐப்பசியில் என் இடது காது மூன்று வாரம் அடைத்துக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திற்பரப்பு அருவியில் நின்றேன், மறுநாள் காலையில் ஊர்க்குளத்தில் ஒரு முங்கு போட்டேன். தலை சரியாகத் துவட்டவில்லை. ஒன்பது மணிக்கு மீட்டிங், அதனால் இயர்பட்ஸைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை கழற்றவே இல்லை. மூன்றாம் நாள் அரிப்பு தொடங்கியது. அரிப்பு என்றால் சாதாரண அரிப்பு இல்லை, நடுராத்திரி எழுந்து வாரியல் குச்சியைத் தேட வைக்கும் அரிப்பு.

அம்மா பூண்டு தட்டிப்போட்டு எண்ணெய் காய்ச்சினாள். "ரெண்டு சொட்டு விட்டா செரியாயிரும் மக்ளே." செரியாகவில்லை. மெடிக்கலில் கேட்டு ஒரு ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து வாங்கி விட்டேன். இன்னும் மோசமானது. கடைசியில் ஈஎன்டி டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, "நனைஞ்ச நியூஸ்பேப்பர் மாதிரி இருக்கு" என்றார். சாம்பல் நிறத்தில் ஒரு படலம், அதன்மேல் கறுப்புப் புள்ளிகள்.

பூஞ்சை. இதை ஓட்டோமைக்கோசிஸ் என்கிறார்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம் ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்ற பூஞ்சை, சில சமயம் கேண்டிடா. ஆஸ்பெர்ஜில்லஸ் நைகரை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். வெங்காயம் உரிக்கும்போது தோலுக்கு அடியில் கரும்பொடி படிந்திருக்குமே, அது பெரும்பாலும் இதுதான். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், பூஞ்சையைத் தொடாது. போட்டிக்கு இருந்த பாக்டீரியாவும் ஒழிந்ததால் பூஞ்சைக்கு இடம் தாராளமாகிவிடுகிறது. டாக்டர் உறிஞ்சு குழாய் வைத்துச் சுத்தம் செய்து, க்ளோட்ரிமசோல் சொட்டு எழுதித் தந்தார். அதன்பிறகும் முழுக்க ஆற நாளானது.

குணமான பிறகுதான் வழக்கம்போல வாசிக்க உட்கார்ந்தேன். வெளிக்காதுக் குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், லேசாக வளைந்தது, ஒரு முனை செவிப்பறையால் மூடிய முட்டுச்சந்து. போன தண்ணீர் தானாக வெளியே வருவது கஷ்டம். ஆனால் உள்ளே ஒரு அருமையான ஏற்பாடு இருக்கிறது. செவிப்பறையில் முளைக்கும் தோல் மெதுவாக வெளிப்பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும், கன்வேயர் பெல்ட் மாதிரி. அழுக்கையும் குறும்பியையும் அதுவே வாசலுக்குக் கொண்டுவந்துவிடும். குறும்பி அழுக்கு என்றுதான் நாற்பது வருஷமாக நினைத்திருந்தேன். அது தண்ணீர் ஒட்டாத, லேசான அமிலத்தன்மை உள்ள ஒரு பூச்சு. அந்த அமிலத்தில் கிருமி சுலபத்தில் வளராது. நாம் குச்சியும் பட்ஸும் கோழி இறகும் போட்டு அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்து, தோலையும் கீறி, மிச்சத்தை உள்ளே தள்ளி வைக்கிறோம். பிறகு தண்ணீரை விடுகிறோம்.

பழைய தமிழ்க் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் நாஞ்சில் நாட்டில் இந்த மாதங்களில் துண்டே காயாது, காது எப்படிக் காயும்? குளமும் ஆறும் கலங்கி ஓடும் நேரமும் இதுதான். குளித்து முடித்ததும் தலையைச் சாய்த்து, காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் குழாய் நேராகும், தண்ணீர் வடியும். துண்டின் நுனி போகிற தூரம் வரை துடைத்தால் போதும். ஈரக் காதில் இயர்பட்ஸ் போடுவது பூஞ்சைக்கு மூடி போட்டு ஊறவைப்பது. நான் இப்போது காலையில் ஸ்பீக்கரில்தான் பேசுகிறேன்.

எண்ணெய் விஷயத்தில் அம்மாவை முழுக்கக் குறை சொல்ல முடியாது. எண்ணெய் இறுகிய குறும்பியை இளக்கும், அது உண்மை. ஆனால் பூஞ்சை இருக்கும் காதில் அது ஈரத்தையும் கசடையும் பிடித்து வைக்கும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நடுக்காதுக்கே போய்விடும். ஓட்டை இருக்கிறதா என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. (எங்கள் ஊரில் 'செவிட்டுல ஒண்ணு போட்டா' என்று மிரட்டுவார்கள். உண்மையிலேயே போட்டால் செவிப்பறை கிழியலாம்.) தீபாவளி எண்ணெய்க் குளியலில் காதை விட்டுவிடுங்கள்.

தீபாவளி என்றதும் அடுத்த விஷயம். பூஞ்சை மூன்று வாரத்தில் போனது. வெடி தரும் சேதம் அப்படிப் போகாது.

1999 அக்டோபரில் வந்த மத்திய அரசு விதிப்படி, வெடித்த இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் உச்ச ஒலி 145 டெசிபலைத் தாண்டக்கூடாது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில் திடீர் ஒலிக்குப் பெரியவர்களின் காதுக்கு வரம்பு 140, குழந்தைகளுக்கு 120. கணக்குப் போட்டுப் பார்த்தேன். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். அப்படியானால் சட்டப்படி சரியான, வரம்பைத் தொடும் ஒரு வெடியிலிருந்து பெரியவர் 7 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், குழந்தை 71 மீட்டர். எங்கள் தெருவின் மொத்த நீளமே அவ்வளவு வராது. கையில் பற்றவைத்து வீசும் வெடி ஒரு மீட்டரில் வெடித்தால் 157. இரண்டு பக்கமும் சுவர் என்றால் எதிரொலி வேறு.

உள்காதில் ஒலியை நரம்புக்கு மாற்றித் தரும் மயிர்ச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. பிறக்கும்போது கிடைத்ததுதான், அழிந்தால் முளைக்காது. கோழிக்கு முளைக்கும்! 1988-ல் சயன்ஸ் இதழில் ஒரு குழு கோழியிலும் இன்னொரு குழு காடையிலும் இதைக் காட்டின. கோழி இறகால் காது குடையும் நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2009-ல் குஜாவா, லிபர்மன் இருவரும் எலிகளில் பார்த்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. பெரும் சத்தத்துக்குப் பிறகு எலிகளின் கேட்கும் திறன் பழையபடி திரும்பியது, ஆனால் செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் ஏறக்குறைய பாதி சில இடங்களில் போயே போயிருந்தன. 'ரெண்டு நாள் கிய்யுன்னு இருந்துச்சு, இப்ப செரியாயிட்டு' என்று நாம் சொல்வதை நினைத்துப் பார்த்தேன்.

வெடிக்கே தடை போடச் சொல்லவில்லை, எனக்கும் பிஜிலி பிடிக்கும். காதில் வெறும் பஞ்சு வைத்தால் பெரிய பிரயோஜனம் இல்லை. ஃபோம் இயர்பிளக் மெடிக்கலில் கிடைக்கும். விரலில் உருட்டி மெலிதாக்கி, மறுகையால் காதுமடலை மேலே இழுத்து, உள்ளே வைத்து, விரிகிறவரை பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது அலங்காரம்தான். ஆனால் காதில் ஏற்கெனவே அரிப்போ சீழோ இருந்தால் பிளக் வைக்காதீர்கள், வீட்டுக்குள் இருங்கள்.

வெடிச் சத்தத்துக்குப் பிறகு மறுநாள் காலையிலும் இரைச்சலோ மந்தமோ இருந்தால் விடுமுறை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஸ்டீராய்டு சிகிச்சை சிலருக்கு உதவும், அதுவும் முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். மழைக்கால ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டு ஒரு காது திடீரென்று கேட்காமல் போனவர்களுக்கும் இதே அவசரம் உண்டு.

என் மகளுக்கு ஆறு வயது. இந்த வருஷம் அவளுக்குக் கம்பி மத்தாப்பும் சங்குசக்கரமும் வாங்கியிருக்கிறேன், ஒரு ஜோடி காது மூடியும். அது ஆரஞ்சு நிறத்தில் வேண்டுமாம், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.