ஒடுக்கம் என்னும் சொல்

உலகியல் அலுவல்களினின்றும் சில நாள் விலகி, உரையடங்கி, இறைவனை உள்ளும் முறையைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'ஞான ஒடுக்கம்' என வழங்கினர். இன்று 'தியானம்' என்பதே பெருவழக்கு. குமரி மாவட்டத்துப் புதுக்கடைப் பகுதியிலும் தவக்கால மாலைகளில் நிகழ்வது தியானம் என்றே சொல்லப்படும். இவ்விரு சொல்லும் ஒரு பொருளனவோ என ஈண்டு ஆராய்வாம்.

இம்முறைக்கு ஒழுங்கு வகுத்தவர் இஞ்ஞாசியார். அவர்தம் ஞானப்பயிற்சி நூலுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் இசைவளித்தார். நான்கு பகுதியாய் ஏறத்தாழ 30 நாள் நிகழும் அப்பயிற்சி, 8 நாளாகச் சுருங்குதலும் உண்டு. தியானம் அதன் ஓர் உறுப்பே. வாழ்வைத் திருத்தத் துணிதலே அதன் பயன்.

திருக்குறளின் காலமறிதல் அதிகாரம், ஆற்றலுடையார் காலம் நோக்கி ஒடுங்கியிருத்தலைப் பொரும்பொருட்டுப் பின்வாங்கும் ஆட்டுக்கடாவுக்கு ஒப்பிடுகிறது. ஆண்டு ஒடுக்கம் தோல்வியன்று, மீண்டெழுதற்கு முதற்படி. விலகலும் மீள்தலும் ஒருங்கே அச்சொல்லில் அடங்கின. தவக்காலத்து 40 நாளும் உயிர்ப்புப் பெருவிழாவை நோக்கியனவாதலின், காலமறிந்து ஒடுங்குதல் என்பது அதற்கும் பொருந்தும்.

'ஒடுக்குமுறை' என்னும் வழக்கால் இச்சொல் இன்று அடக்குதலை நினைப்பிக்கும் என்பார் உளர். அது பிறரை ஒடுக்குதல். இது தானே ஒடுங்குதல். தன்வினை பிறவினை வேறுபாடு அறிந்தார்க்கு இம்மயக்கம் இல்லை. தியானம் என்னும் பெயர் மட்டுமே எஞ்சின், மாலையில் அமர்ந்தெழுதலே நிறைவெனக் கருதப்படும். மீண்டு சென்று வாழ்தல் மறக்கப்படும். ஆதலின் பழஞ்சொல்லைப் போற்றுதல் தகும் என்பது எம் துணிபு.