விண்மீனுக்கு அகலம், கிருமிக்குக் கோணம்

1610இல் வியாழனின் நிலவுகளைத் தொலைநோக்கியில் கண்ட கலிலியோ, 1624இல் ஃபெடரிக்கோ செசி என்பவருக்கு இன்னொரு கருவியை அனுப்பினார். அது சின்னஞ்சிறு பூச்சிகளைப் பெரிதாகக் காட்டியது. இரண்டுமே குழாயும் லென்ஸும்தான். இன்றைய கருவிகளிலும் அமைப்பு ஒன்றே: பொருளருகு லென்ஸ் ஒரு பிம்பத்தை உண்டாக்கும், அதைக் கண்ணருகு லென்ஸால் பெரிதாக்கிப் பார்க்கிறோம்.

வேறுபாடு முன் லென்ஸில் இருக்கிறது. நிலவின் ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் கதிர்கள் நம்மிடம் வரும்போது ஏறக்குறைய இணையாகிவிடுகின்றன. லென்ஸின் குவியத்திலேயே பிம்பம் விழுகிறது. குவியத் தொலைவு 1 மீட்டர் என்றால் பிம்பத்தின் அகலம் சுமார் 9 மில்லிமீட்டர், 2 மீட்டர் என்றால் 18. வியப்பு என்னவென்றால், இந்த லென்ஸ் எதையும் பெரிதாக்கவே இல்லை. 3,476 கிலோமீட்டர் குறுக்களவுள்ள நிலவைச் சுருக்கி நம் கண்ணருகே கொண்டுவந்து வைக்கிறது, அவ்வளவுதான்.

நுண்ணோக்கியில் பொருள் குவியத்துக்குச் சற்றே வெளியே இருக்கும். பிம்பம் குழாயின் மேற்பகுதியில், பொருளைவிடப் பெரிதாக விழும். இங்கே குவியத் தொலைவு குறையக் குறைய உருப்பெருக்கம் கூடும். 100 மடங்கு லென்ஸின் குவியத் தொலைவு சுமார் 2 மில்லிமீட்டர்தான்.

ஆனால் உருப்பெருக்கத்தைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் புரியும். ஜவ்வாது மலையில், காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியில் லென்ஸுக்குப் பதில் 2.34 மீட்டர் அகல ஆடி இருக்கிறது. இருட்டில் 7 மில்லிமீட்டர் விரியும் கண்மணியைப்போல் சுமார் 1,10,000 மடங்கு ஒளியை அது சேர்க்கிறது. மங்கிய விண்மீனுக்கு வேண்டியது அந்த ஒளிதான்.

நுண்ணோக்கிக்கு ஒளியை விளக்கே தந்துவிடும். அதற்கு வேண்டியது கோணம். பொருளின் நுண்விவரங்களைச் சுமந்துவருபவை சாய்ந்து விரியும் கதிர்கள். அவை பொருளைத் தாங்கும் கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் வரும்போது இன்னும் விலகி, லென்ஸுக்குள் நுழையாமலே போய்விடும். சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமியைத் தேடுபவர்கள் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி எண்ணெய் விடுவது இதனால்தான். அதன் ஒளிவிலகல் எண் கண்ணாடியைப்போலவே சுமார் 1.5, கதிர்கள் வளையாமல் உள்ளே போகின்றன.

நுண்விவரங்களைக் காண்பதற்கும் ஓர் எல்லை உண்டென்று இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873இல் காட்டினார். ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ பாதி, அதாவது சுமார் 0.2 மைக்ரோமீட்டருக்குக் கீழே உள்ள விவரங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கண்ணருகு லென்ஸை மாற்றி மேலும் பெருக்கினால் மங்கல்தான் பெரிதாகும். அதனால்தான் சில மைக்ரோமீட்டர் நீளமுள்ள காசநோய்க் கிருமி சாதாரண நுண்ணோக்கியில் தெரிகிறது, 0.1 மைக்ரோமீட்டர் அளவே உள்ள கொரோனா வைரஸின் உருவத்தைக் காண எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டியிருக்கிறது.