நிலத்தடிச் செல்வம் – 7: ஐம்பதிலிருந்து ஒன்றரைக்கு

1970 ஜனவரியில் நைஜீரியாவின் உள்நாட்டுப் போரான பியாஃப்ரா போர் ஓய்ந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அதன் பிறகு அந்நாட்டின் எண்ணெய்ப் பகுதியான நைஜர் டெல்டாவில் நடந்ததையும் இனச்சண்டை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. காரணம், ஒரு கணக்கு.

1960-ல் நைஜீரியா விடுதலை பெற்றபோது, ஒரு மாகாணத்தில் எடுக்கும் கனிமத்தின் ராயல்டியில் பாதி அந்த மாகாணத்துக்கே என்று அரசியல் சட்டம் சொன்னது. நாட்டுக்கு அன்று சோறு போட்டவை வடக்கின் நிலக்கடலை, மேற்கின் கோகோ, கிழக்கின் பாமாயில். மூன்று மாகாணங்களிலும் ஆதிக்கம் பெரிய இனங்களிடம்தான். பெட்ரோலிய எண்ணெயோ சிறிய இனங்களின் காலடியில் இருந்தது: 1956-ல் இஜா மக்களின் ஒலோய்பிரியில், 1958-ல் ஓகோனி மண்ணில். எண்ணெய்ப் பணம் பெருகப் பெருக மண்ணுக்குரியவர் பங்கு தேய்ந்தது. 1980-களில் அது வெறும் 1.5 சதவீதம்.

இடையில் ராணுவ ஆட்சிகள் இரண்டு சட்டங்கள் போட்டிருந்தன. 1969-ன் பெட்ரோலியச் சட்டம் நிலத்தடி எண்ணெய் முழுவதையும் மத்திய அரசுக்கு எழுதிக்கொடுத்தது. 1978-ன் நிலச் சட்டம் மேல்மண்ணையும் ஆளுநர்கள் வசம் ஒப்படைத்தது. வயலின் குறுக்கே குழாய் பதித்தால், அழிந்த மரவள்ளிக்கு ஏதோ காசு வரும். பாட்டன் காலத்து நிலத்துக்கு வராது. அரசோடு கூட்டுச் சேர்ந்து எண்ணெய் எடுத்த ஷெல் நிறுவனத்துக்கு அந்த ஊர்க்காரர்களிடம் சம்மதம் கேட்கும் தேவையே எழவில்லை.

ஓகோனி எழுத்தாளர் கென் சாரோ-விவா இந்தக் கணக்கைத்தான் ஊர் ஊராகச் சொன்னார். 1993 ஜனவரி 4 அன்று, ஐந்து லட்சம் ஓகோனிகளில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் கையில் பச்சிலைக் கொம்புகளோடு தெருவில் இறங்கினார்கள். ஷெல் அந்த ஆண்டே அங்கே எண்ணெய் எடுப்பதை நிறுத்தியது. பிறகு ராணுவம் வந்தது. அண்டை இனமான அண்டோனிகளோடு மோதல் மூண்டது. அதன் பின்னால் ராணுவத்தின் கை இருந்தது என்பது ஓகோனிகளின் குற்றச்சாட்டு. சாரோ-விவாவின் இயக்கத்துக்குள்ளும் பிளவு. அரசோடு ஒத்துப்போகிறவர்கள் என்று பெயரெடுத்த நான்கு பெரியவர்களை 1994 மே 21 அன்று ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. அந்தச் சாவுகளைச் சொல்லாமல் ஓகோனியின் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

கொலை நடந்த இடத்தில் சாரோ-விவா இல்லை. இருந்தும் ராணுவ ஆட்சியாளர் அபாச்சா அரசின் சிறப்பு மன்றம், தூண்டியவர் என்று சொல்லி அவருக்கும் எட்டுப் பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1995 நவம்பர் 10 அன்று ஒன்பது பேரும் தூக்கிலேற்றப்பட்டார்கள். காமன்வெல்த் நைஜீரியாவை இடைநீக்கம் செய்தது. நாடுகள் தூதர்களைத் திரும்ப அழைத்தன. ஆனால் அமெரிக்காவோ ஐரோப்பாவோ நைஜீரிய எண்ணெய்க்குத் தடை போடவில்லை.

1999-ன் அரசியல் சட்டம் எண்ணெய் மண்ணுக்கான பங்கைக் குறைந்தது 13 சதவீதமாக உயர்த்தியது. அது போய்ச் சேர்வது மாநில அரசுகளின் கருவூலத்துக்கு. ஓகோனியின் நிசிசியோகென் ஒகாலே ஊரில் ஐ.நா. சுற்றுச்சூழல் குழு கிணறுகளைச் சோதித்த முடிவு 2011-ல் வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவைப்போல 900 மடங்குக்கும் மேல் பென்சீன். பக்கத்திலேயே அரசு எண்ணெய் நிறுவனத்தின் குழாய். அந்தத் தண்ணீரைத்தான் ஊர் குடித்துக்கொண்டிருந்தது.

(தொடரும்)